குழந்தைகள் வார்டில் ஒரு நைனா

என் மகள் தன்ஷிகாவின் நுரையீரலில் இருப்பது மருந்து கொடுத்தால் மறைந்துபோகிற நோய் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் எல்லாம் குணமாகிவிட்டது என்று எழுதியிருப்பேன் என நினைத்து யாரும் படிக்க வேண்டாம். நோயின் பெயரை எனக்குச் சொன்ன அன்று, மருத்துவமனை மாடிப்படியில் உட்கார்ந்து, இதே நோய் வந்த பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ தமிழில் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று ஃபோனில் தேடினேன். நெஞ்சுச் சளிக்குக் கஷாயம் வைக்கிற வீடியோக்கள்தான் வந்தன. இன்றைக்கும் எங்கோ ஒருவர் அப்படிப் படியில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கலாம். அவருக்காக எழுதுகிறேன்.

செஞ்சி கடைவீதியில் எங்களுக்குப் பூஜை சாமான் கடை. கற்பூரம், சாம்பிராணி, ஊதுபத்தி, குங்குமம் எல்லாம் மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கிறோம். அப்பாவும் நானும் கடையைப் பார்த்துக்கொண்டோம். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற கூட்டம் செஞ்சியில் பஸ் மாறும்போது கடையில் நிற்க இடமிருக்காது. கடைக்கு மேலே வீடு. அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். வீட்டில் அப்பா, நான், என் மனைவி ரேவதி, தன்ஷிகா, அவ்வளவுதான்.

மூன்று வயதில் தன்ஷிகாவுக்கு நிமோனியா வந்தது. விழுப்புரத்தில் சேர்த்து, மூச்சுக் குழாயெல்லாம் வைத்து, பிழைத்து வந்தாள். கோயில் கோயிலாகப் போய் நேர்த்திக்கடன் முடித்தோம். ஆனால் இருமல் நிற்கவில்லை. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். "தூக்கு நைனா" என்பாள். எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். செல்லம் கொஞ்சுகிறாள் என்று நினைத்துத் தூக்கிக்கொள்வேன். டாக்டர்கள் வீசிங் என்றார்கள், மருந்து கொடுத்தார்கள், கொஞ்சம் குறையும், மறுபடி வரும். ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

ரேவதி இரண்டாவது பிள்ளையைச் சுமந்து, பிரசவத்துக்கு அவலூர்பேட்டையில் அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். தன்ஷிகா என்னோடு இருந்தாள். ஒருநாள் காலையில் பல் தேய்த்துவிடும்போது அவள் உதடு நாவல்பழம் தின்றவள் உதடு மாதிரி இருந்தது. செஞ்சியில் காட்டியதும் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவி அது. அதில் தெரிந்த எண்ணைப் பார்த்த டாக்டர் என்னிடம் ஒன்றும் விளக்கவில்லை. "ஆம்புலன்ஸ் சொல்லிட்டேன். பாண்டிச்சேரிக்குப் போங்க," என்றார்.

புதுச்சேரியில் குழந்தைகள் வார்டில் கட்டில் கிடைத்தது. மூக்கில் மெல்லிய குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுத்ததும் உதடு சிவந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போதுதான் நிமிர்ந்து வார்டைப் பார்த்தேன். எல்லாக் கட்டிலருகிலும் பெண்கள். பாதிப் பேர் மடியில் பால் குடிக்கும் குழந்தை. நான் உள்ளே வந்ததும் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

நர்ஸம்மா வந்தார். "சார், பகல்ல இருக்கலாம். ராத்திரி லேடீஸ்தான் தங்கணும். பாப்பாவோட அம்மா எங்க?"

"பிரசவத்துக்குப் போயிருக்காங்க. இது நிறைமாசம்."

"அப்ப உங்க அம்மா, அக்கா, யாராச்சும்?"

திருவண்ணாமலைப் பக்கத்துச் சேத்துப்பட்டிலிருந்து என் அக்கா வந்தாள். இரண்டு ராத்திரி தங்கினாள். அவள் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள், மாடு கன்று. போகும்போது அழுதாள். "நான் இன்னாடா பண்ணட்டும்" என்று கேட்டவளுக்கு நான் என்ன சொல்வது? பஸ் ஏற்றிவிட்டு வந்து நர்ஸம்மா முன்னால் நின்றேன். அவர் கதவோரமாக இருந்த கட்டிலுக்கு எங்களை மாற்றினார். சுற்றிலும் ஒரு பச்சைத் திரையை இழுத்துவிட்டார். "உள்ளயே இருங்க. தேவையில்லாம வார்டுக்குள்ள நடக்காதீங்க," என்றார்.

அந்தத் திரைக்குள்தான் நாங்கள் இருந்தோம். வெளியே அம்மாக்கள் ஒருவருக்கொருவர் சாப்பாடு பகிர்ந்துகொண்டார்கள். ஒருத்தி குளிக்கப் போனால் இன்னொருத்தி பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள். மாமியார் கதை, ஊர்க் கதை, சிரிப்பு, சண்டை எல்லாம் எனக்குத் துணிக்கு அந்தப் பக்கம் கேட்டது. நான் டீ குடிக்கப் போகவேண்டுமென்றால்கூட தன்ஷிகா தூங்கும்வரை காத்திருக்க வேண்டும். பெண்கள் கழிப்பறைக்குள் நான் போகமுடியாது, அவளைத் தனியாக அனுப்பவும் முடியாது. எல்லாம் கட்டிலிலேயே. நான்கு வயதுப் பெண் குழந்தைக்கு வெட்கம் உண்டு என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. "அந்தப் பக்கம் திரும்பிக்கோ நைனா" என்பாள். திரும்பிக்கொள்வேன்.

எதிர்க் கட்டிலில் மயிலம் பக்கத்துப் பெண் ஒருத்தி, பெயர் அமுதா, கைக்குழந்தையோடு இருந்தாள். நான் வந்த புதிதில் நர்ஸம்மாவிடம் போய், ஆம்பளை இருந்தால் பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியவில்லை என்று சொன்னது அவள்தான். எனக்கும் கேட்டது. அவள் சொன்னதில் தப்பில்லை. அதன்பிறகு ஒருநாள் மதியம், சிக்குப் பிடித்த தன்ஷிகாவின் தலையோடு நான் போராடிக்கொண்டிருந்தேன். சீப்பு இழுத்த இழுப்பில் அவள் முகம் கோணியது. திரைக்கு வெளியே குரல்.

"அண்ணா, உள்ள வரலாமா?"

அமுதா வந்து சீப்பை வாங்கினாள். தேங்காயெண்ணெய் தடவி, மூக்குக் குழாயின் பட்டி காதில் உரசாதபடி இரண்டு பின்னல் போட்டாள். "நான் அன்னிக்குச் சொன்னத மனசுல வெச்சிக்காதீங்கண்ணா" என்றாள். அதிலிருந்து தினமும் காலையில் வந்து பின்னிவிட்டாள். நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவள் பிள்ளைக்கு உடம்பு தேறி வீட்டுக்குப் போன அன்று, போகும் அவசரத்திலும் வந்து பின்னிவிட்டுத்தான் போனாள். அந்தக் கட்டிலில் சாயந்திரமே வேறு பிள்ளை வந்துவிட்டது. எங்கள் வார்டில் எல்லாரும் வருவார்கள், தேறுவார்கள், போவார்கள். நாங்கள் மட்டும் இருந்தோம்.

சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. காசநோய் இருக்கிறதா என்று பார்க்க, விடிந்ததும் வெறும் வயிற்றில் மூக்கு வழியாகக் குழாய்விட்டு இரைப்பை நீரை எடுத்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும், அதனால் வயிற்றில் தேடுகிறார்கள். பிறவியிலேயே சளி கெட்டியாகிற ஒரு நோய் உண்டாம், அதற்காகக் கையில் வியர்வையை வரவழைத்து உப்பைச் சோதித்தார்கள். நுரையீரல் கெட்டால் இதயம் களைத்துப்போகும் என்று இதயத்துக்கு ஸ்கேன். ஒவ்வொன்றும் 'இல்லை, இல்லை' என்று வந்தது. 'இல்லை' என்பது நல்ல செய்தி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மார்புக்கு சி.டி. ஸ்கேன். அசையாமல் படுக்க வேண்டும் என்று மயக்க மருந்து கொடுத்தார்கள். என் மடியில் பேசிக்கொண்டிருந்தவள் பாதி வார்த்தையில் தொய்ந்துபோனாள். அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்கேன் மெஷினின் வளையத்துக்கு முன்னால் படுக்கவைத்து, வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அங்கே பெஞ்சில் பெரிய குடும்பம் ஒன்று, ஒரு தாத்தாவுக்காக ஏழெட்டுப் பேர், டிஃபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தது. ஒரு அம்மாள் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். "கூட யாரும் வரலியா?" என்றார். பின்னால் வருகிறார்கள் என்று பொய் சொன்னேன்.

மறுநாள் டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்தார். கம்ப்யூட்டர் திரையில் என் மகளின் நுரையீரல் கறுப்பும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக இருந்தது.

"கறுப்பா இருக்கிற இடத்துல காத்து உள்ள போகுது, வெளிய வர முடியல. அங்கயே மாட்டிக்குது," என்றார். "போன வருஷம் நிமோனியா வந்துச்சில்ல, அது ஆறும்போது ரொம்பச் சின்ன மூச்சுக் குழாய்கள்ல தழும்பு விழுந்திருக்கு. தழும்பு விழுந்த குழாய் சுருங்கிடும். சிலது மூடிக்கும்."

பிராங்கியோலைட்டிஸ் ஆப்ளிட்டரன்ஸ் என்று பெயர் சொன்னார். இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

"தழும்பு போயிடுமா மேடம்?"

"போகாது. ஆனா பிள்ளை வளர வளர நுரையீரலும் வளரும். நல்ல பாகம் பெருசாகும். அதுவரைக்கும் இன்னொரு பெரிய தொற்று வராமப் பார்த்துக்கணும். நாங்க மருந்து கொடுப்போம். மாசாமாசம் வந்து ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கணும். வீட்லயும் ஆக்சிஜன் தேவைப்படும்."

"எவ்ளோ நாளைக்கு?"

"சில பிள்ளைங்களுக்கு மாசக்கணக்கு, சிலருக்கு வருஷக்கணக்கு. இப்பவே சொல்ல முடியாது." பிறகு கேட்டார். "வீட்ல புகை ஏதாவது இருக்கா? விறகடுப்பு, கொசுவத்தி, சிகரெட்?"

அதெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு, எங்கள் கடையைப் பற்றிச் சொன்னேன். காலையும் மாலையும் கடை திறந்ததும் சாம்பிராணி போடுவோம், மேலே வீடு முழுக்க அந்த வாசனைதான் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதனாலதான் வந்துச்சுன்னு நெனைச்சுக்காதீங்க. இது கிருமியால வந்தது. ஆனா இந்த நுரையீரலோட இவ இனிமே அந்த வீட்ல இருக்க முடியாது."

அன்றைக்குத்தான் மாடிப்படியில் உட்கார்ந்து தேடினேன். சொல்ல ஆள் இல்லை. ரேவதியிடம் சொல்லக்கூடாது என்று அவள் வீட்டிலும் என் அப்பாவும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். நிறைமாதம், அதிர்ச்சி தாங்கமாட்டாள் என்று பயம். அவளைப் பொறுத்தவரை தன்ஷிகாவுக்குச் சளி, கொஞ்ச நாள் அட்மிஷன். தினமும் ஃபோன் வரும். "இன்னும் சளி கரையலியா?" என்பாள். "கரையுது, கரையுது" என்பேன். வீடியோவில் காட்டச் சொன்னால் சிக்னல் இல்லை என்பேன். என் குரலை நானே கேட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும்.

அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். ஃபோனில்தான் சொன்னேன். பின்னணியில் யாரோ கற்பூரப் பாக்கெட் விலை கேட்பது கேட்டது. டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்லி முடித்தேன். அப்பா அந்த ஆளுக்கு விலையைச் சொல்லி அனுப்பினார்.

"இத்தினி வருசமா இந்தக் கடையில மூச்சு விட்ட நாங்கல்லாம் இன்னா ஆயிட்டோம்?" என்றார்.

"இவளுக்குத் தாங்காது நைனா."

"கடைய மூடச் சொல்றியா?"

"மூட வேணாம். நாங்க வேற வீடு பாத்துக்கறோம்."

"நீ கடைக்கு வருவ இல்ல?"

கடையில் ஒரு மணிநேரம் நின்றால் போதும், சட்டையிலும் தலைமுடியிலும் சாம்பிராணித் தூள் ஏறிவிடும். அது அவருக்கும் தெரியும். "சரி" என்று ஃபோனை வைத்துவிட்டார். அதன்பிறகு சில நாள் அவர் கூப்பிடவேயில்லை.

ரேவதிக்கு விஷயத்தைச் சொன்னது தன்ஷிகாதான். ஒரு மதியம் நான் நெபுலைசரைக் கழுவிக்கொண்டிருந்தேன். மருந்தைப் புகைபோல ஆக்கி உள்ளே இழுக்கவைக்கும் கருவி அது. ஃபோன் அடித்தது, அவள் எடுத்துவிட்டாள். "அம்மா, எனக்கு மூக்குல பைப் வெச்சிருக்காங்க. அது ஆக்சிஜனு. நம்ம வீட்டுக்குக்கூட அது வரும்," என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு ஃபோனை வாங்கினேன்.

"நான் கேக்கறதுக்கு நெஜத்தச் சொல்லுங்க," என்றாள் ரேவதி.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். நீளமாக ஒரு மூச்சு மட்டும் கேட்டது.

"தனியாவேவா இருக்கீங்க?"

"ஆமா."

"சாப்டீங்களா?"

இத்தனை நாளில் அந்தக் கேள்விக்கு நான் உடைந்ததில்லை. அன்றைக்கு உடைந்துவிட்டேன். திரைக்குள் சத்தம் வராமல் அழுதேன். அவளுக்குக் கேட்டிருக்கும். கொஞ்சம் கழித்துச் சொன்னாள். "ஃபோனை வெக்காதீங்க. பேசவேணாம். அவ பக்கத்துல வெச்சிடுங்க."

தன்ஷிகாவின் தலையணை ஓரத்தில் ஃபோனை வைத்தேன். அன்று பொழுதுசாயும்வரை இணைப்பு அப்படியே இருந்தது. அவலூர்பேட்டையில் கோழி கூவுவதும் மிக்ஸி ஓடுவதும் இங்கே கேட்டது. இங்கே ஆக்சிஜன் தண்ணீரில் குமிழியிடும் சத்தமும் மகளின் மூச்சும் அங்கே கேட்டிருக்கும். அடுத்த நாளும் அப்படியே செய்தோம். அந்த வாரத்திலேயே ஒருநாள் ஃபோனில் வேறு ஒரு அழுகை கேட்டது. பையன். நான் ஒரு கையில் தன்ஷிகாவின் மாஸ்க்கைப் பிடித்தபடி என் மகன் அழுவதைக் கேட்டேன். "தம்பி எப்ப வருவான்?" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரம்மாவுக்குத் திரையை விலக்கிச் சொல்லலாமா என்று யோசித்தேன். பழக்கமில்லாதவர். சொல்லவில்லை. கேன்டீனுக்குப் போய் ஒரு பாதுஷா வாங்கி, நானே தின்றேன்.

வீடு கிடைப்பது சுலபமாக இல்லை. வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இருக்கும் என்றதும், "டிபியா?" என்று கேட்டார்கள். ஒட்டுகிற நோய் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். திருவண்ணாமலை ரோட்டுப் பக்கம் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கொடுத்தார். கோட்டை மலைகள் கொல்லைப்புறத்திலிருந்தே தெரியும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கான்சென்ட்ரேட்டர் மெஷினை வைத்து, கரன்ட் போனால் சமாளிக்க ஒரு சிலிண்டரும் வைத்துக்கொண்டு மகளைக் கூட்டிவந்தேன். ரேவதி கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். தன்ஷிகா குழாயை இழுத்துக்கொண்டு போய் தம்பியைப் பார்த்தாள். "இவனுக்குப் பைப் இல்லியா?" என்று கேட்டாள்.

வீடு நிறைந்தது. ஆனாலும் வெளியிலிருந்து யாரும் வரவில்லை. நாங்கள்தான் வரவேண்டாம் என்றோம். சளி, இருமல் உள்ளவர்கள் கிட்டே வரக்கூடாது என்று சொல்லப் போக, நன்றாக இருப்பவர்களும் கோபித்துக்கொண்டார்கள். கல்யாணம், காதுகுத்து, திருவிழா ஒன்றுக்கும் போவதில்லை. கொஞ்ச நாளில் பத்திரிகை வைப்பதும் நின்றது. நான் கடைவீதியில் ஒரு செருப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் கடை தெரியும். அமாவாசையன்று அப்பா ஒற்றை ஆளாக அந்தக் கூட்டத்துக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டிருப்பார். நான் இந்தப் பக்கம் யாரோ ஒருவரின் காலுக்கு அளவு பார்த்துக்கொண்டிருப்பேன். ஓடிப்போய் நிற்க மனசு துடிக்கும். போகமாட்டேன்.

அப்பா எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கேட்டருகில் நின்றுகொண்டார். புதுச் சட்டை, தலை ஈரம் காயவில்லை.

"உள்ள வா தாத்தா," என்று ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள் தன்ஷிகா.

"வேணாம் கண்ணு. தாத்தா மேல வாசனை இருக்குது."

அவள் குழாய் எட்டும்வரை வாசலுக்கு வந்தாள். "சோப்பு வாசனைதான் வருது," என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் கேட்டைத் திறந்தேன். உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அவர் போகும்போது, "மெஷினு சத்தத்துல எப்டிடா தூங்கறீங்க?" என்று மட்டும் கேட்டார். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வருகிறார்.

அந்த மாதங்களில் எங்களை ஆட்டிவைத்த பயம் ஒன்று உண்டு. அவள் அழக்கூடாது. அழுதால் மூச்சு முட்டும், இருமல் பிடிக்கும், விரலில் மாட்டிய கருவியில் எண் சரிந்துகொண்டே போகும். அதனால் கேட்டதெல்லாம் கொடுத்தோம். அவளும் கண்டுபிடித்துவிட்டாள். "அழுதுடுவேன்" என்று விரலை நீட்டி மிரட்டுவாள். நாங்கள் ஓடுவோம்.

மாதாமாதம் புதுச்சேரிக்குப் போய் ஊசி போட்டு வந்தோம். மழைக்காலத்தில் ஒருமுறை மறுபடி சேர்க்க வேண்டிவந்தது. அதிலிருந்தும் மீண்டாள். கோடை தொடங்கியபோது டாக்டரம்மா அவளை வராண்டாவில் நடக்கவிட்டுப் பார்த்தார். பகலில் குழாய் வேண்டாம், தூங்கும்போது மட்டும் போதும் என்றார். "தழும்பு இருக்கு. அது இருக்கும். ஆனா கொஞ்சம் சாதாரணப் பிள்ளையா நடத்துங்க," என்றார். எப்படி நடத்துவது என்று எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

போன வாரம் மதியம் தன்ஷிகா தம்பி கையிலிருந்த கிலுகிலுப்பையைப் பிடுங்கினாள். அவன் பின்னால் சாய்ந்து தலையில் இடித்துக்கொண்டு வீறிட்டான். ரேவதி கிலுகிலுப்பையை வாங்கி அவனிடம் கொடுத்துவிட்டு, "இன்னாடி பழக்கம் இது?" என்று அதட்டினாள். நோய்க்குப் பிறகு அவளை யாரும் அதட்டியதே இல்லை. ஒரு கணம் நம்பமுடியாமல் பார்த்தாள். பிறகு தரையில் விழுந்து, காலை உதைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

நான் கருவியை எடுக்க எழுந்தேன்.

"உக்காருங்க," என்றாள் ரேவதி. அவள் குரலும் நடுங்கியது. "அழட்டும்."

உட்கார்ந்தேன். முன்பெல்லாம் தன்ஷிகாவின் அழுகை துண்டு துண்டாக வரும், நடுவில் இருமல் வெட்டும். இது தொடர்ந்து வந்தது. அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பாகத்தான் இருந்தது. அழுகை சுவரைத் தாண்டிப் போக, பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னா ரேவதி, கொழந்த இப்டி அழுவுது?"

"அடம் பண்ணுதுக்கா," என்றாள் ரேவதி. "வேற ஒண்ணும் இல்ல."

தன்ஷிகா அதைக் கேட்டுவிட்டு இன்னும் பலமாக அழுதாள்.